கண்ணாடி கற்பிக்கும் ஆங்கிலம்



ஆங்கிலச் சொற்கள் போதிய அளவு தெரியவில்லையே என்று நம்மில் பலர் வருந்துகிறோம். ஆனால் தெரியாத சொல்லால் நமக்கு விளையும் தொல்லை குறைவு. தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம்; பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம்; தெளிவு பெறுகிறோம். தெரிந்த சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. தெரியும் என்ற துணிவால் அதைப் பற்றி நாம் எவரையும் கேட்பதில்லை. ஒரு பொருளில் பழகிய சொல் வேறொரு பொருளில் எதிரே வந்து நிற்கும். பழகிய முகந்தானே என்று நம்பி அதன் பின்னே சென்று வழி தவறுகிறோம்.

பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் மாணவர் எவ்வாறு கற்க வேண்டும்? அகராதிப் பட்டியலை நெட்டுருச் செய்ய வேண்டும் என்பர் சிலர். தமிழை மறந்துவிட வேண்டும் என்பர் வேறு சிலர். நான் இவ்விரு கட்சியிலும் சேர்ந்தவன் அல்லேன். நம் முன்னோர் தமிழுக்கென வகுத்த வழி ஒன்று உண்டு. அதனை ஆங்கில வகுப்புக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. விளக்கத்திற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அச்சொல் 'கிளாஸ்'.

இச்சொல்லை நான் தேர்ந்ததற்கு நான் தங்கியிருக்கும் ஊரே காரணம். புனேயிலிருந்து லோணாவளா செல்லும் லோக்கல் ரயிலில் வருவோர் தளேகாவ் நிலையத்தை அறிவர். கால்நூற்றாண்டு காலமாகத் தொழிற்பேட்டையால் பெயர் பெற்றிருக்கும் இவ்வூர், அதற்கு நெடுங்காலம் முன்னரே கண்ணாடியால் பெயர் பெற்றது. ஆளுக்கு ஒரு பைசா கொடுத்தால் நாட்டுத் தொழிலை வளர்த்துவிடலாம் என்று அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஊர் ஊராக நிதி திரட்டினார். லோகமான்ய திலகர் அம்முயற்சிக்குத் துணை நின்றார். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1908ஆம் ஆண்டு தளேகாவில் பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று திரும்பிய ஈஸ்வர்தாஸ் வார்ஷ்ணே அதில் தொழில் கற்பித்தார். பைசா என்பது மிகச் சிறிய நாணயமாக இருந்தது. பைசா என்றாலே செல்வம் என்றும் பொருள். சிறிய பைசாக்கள் சேர்ந்து பெரிய பைசாவாகி ஒரு தொழிற்சாலையை எழுப்பின. பல பொருள் ஒரு சொல்லுக்கு இதனினும் இனிய சான்று வேண்டுமோ?

இனி, கிளாஸ் என்னும் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது முதலில் ஒரு மூலப்பொருளின் பெயர். மணலையும் சாம்பல் உப்பையும் சுண்ணாம்பையும் உருக்கி உண்டாக்கும் கண்ணாடி. அப்பொருளால் செய்த குடிகலத்திற்கும் அதுவே பெயராயிற்று. முகம் பார்க்கும் ஆடிக்கும் அதே பெயர். கண்ணில் அணியும் மூக்குக் கண்ணாடிக்குப் பன்மையில் அதே பெயர். மாலுமியின் தொலைநோக்கிக்கும், மணல் விழுந்து காலம் காட்டும் கருவிக்கும், காற்றின் அழுத்தம் காட்டும் கருவிக்கும் அதே பெயர் வழங்கியது. பழைய கப்பற் கதைகளில் 'கிளாஸ் விழுகிறது' என்று வந்தால், மேசையிலிருந்து எதுவும் விழவில்லை. அழுத்தம் குறைகிறது, புயல் வருகிறது என்பது கருத்து.

இதே பொருள்களை நம் தமிழ் எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்று பாருங்கள். சன்னலில் இருப்பது கண்ணாடி. முகம் பார்ப்பது கண்ணாடி. மூக்கின்மேல் இருப்பதும் கண்ணாடி. மூன்றுக்கும் ஒரே சொல். ஆனால் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தைக் கண்ணாடி என்று சொல்லவே மாட்டோம். அது தம்ளர், அல்லது, ஆங்கிலத்திலிருந்தே வாங்கிய கிளாஸ். மராத்தியரோ நம்மினும் வேறு. சன்னலில் இருப்பது அவர்களுக்குக் காச். முகம் பார்ப்பது ஆர்ஸா. மூக்கின்மேல் இருப்பது சஷ்மா. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல்! தளேகாவ் கடையில் போய்க் 'காச்' என்று கேட்டால், 'எந்த அளவில் வெட்ட வேண்டும்?' என்றுதான் கடைக்காரர் கேட்பார். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தர மாட்டார்.

உலகம் ஒன்றே, பொருள்களும் அவையே. அவற்றுக்கு வேலி போடும் இடம்தான் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. தமிழ் வேலி போட்ட இடத்தில் ஆங்கிலம் வேலி போடவில்லை. ஆங்கிலம் விட்டுவிட்ட இடத்தில் மராத்தி வேலி போட்டிருக்கிறது. எனவே, 'கிளாஸ் என்றால் கண்ணாடி' என்று சமன் செய்து மனத்தில் எழுதிக்கொள்வது பாதி உண்மையே. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொள்வதால் வரும் துன்பம் சிறிதன்று.

அத்துன்பம் எத்தகையது என்று காட்ட நம் மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தமிழ் வழியில் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்று, ஊரை விட்டு இங்கே வேதியியல் படிக்க வந்தவர் அவர். முதல் வாரத்தில் ஆய்வுக்கூடத்தில் 'வாட்ச் கிளாஸ்' கொண்டுவருமாறு கூறினர். வாட்ச் தெரியும், கிளாஸும் தெரியும். அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். கூடம் சிரித்தது. வாட்ச் கிளாஸ் என்பது பீக்கரை மூடவும், சிறிதளவு திரவத்தை ஆவியாக்கவும் பயன்படும் குழிந்த வட்டக் கண்ணாடித் தட்டு. பழைய சட்டைப்பைக் கடிகாரத்தின் மேல்மூடி போன்ற வடிவால் அதற்கு அப்பெயர். அவர் ஊர்ப் பள்ளியில் அத்தட்டைக் கையால் தொட்டவர்தாம். பெயரை மட்டும் இந்த உருவில் கேட்டதில்லை. அன்று சிரித்தவர்கள் மறுநாளே மறந்துவிட்டனர். அவர் மறக்கவில்லை. அந்தப் பருவம் முழுதும் வகுப்பில் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதுதான் என்னை எழுதத் தூண்டியது. ஒரு சொல்லின் ஒரு பொருள் தெரியாமற் போனது பெரிய குறையன்று. அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அதனால் ஓர் அறிவாளி வாய்மூடிப் போவது பெரிய இழப்பு. 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று அவர் முடிவு கட்டுகிறார். உண்மையில் அவருக்கு வராதது ஆங்கிலமன்று. ஒரு சொல் எங்கே, யாரோடு, எப்படி நடக்கிறது என்னும் வழக்கு. சொல்லறிவு வேறு, வழக்கறிவு வேறு. முன்னதை அகராதி தரும். பின்னதை யார் தருவது?

பட்டியல் தராது என்பது உறுதி. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு மட்டும் நானூறுக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவற்றை நெட்டுருச் செய்து, பிறகு ஆங்கிலம் பேசத் தொடங்குவது என்றால் பட்டமளிப்பு விழா முடிந்துவிடும்! ஆங்கிலேயர் எவரும் அப்படிக் கற்கவில்லை. நாமும் நம் மொழியை அப்படிக் கற்கவில்லை. 'படி' என்னும் சொல்லைப் பாருங்கள். ஏறுவதற்குப் படி, அரிசி அளக்கப் படி, 'புத்தகத்தைப் படி' என்பது கட்டளை, சொன்னபடி செய்தல் வேறு, அலுவலகத்தில் வாங்கும் பயணப்படி வேறு. ஐந்து வயதுக் குழந்தை இவற்றுள் முதல் மூன்றையும் பிழையின்றி வழங்கும். எந்தத் தாயும் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை. பின் அக்குழந்தை எப்படி அறிந்தது?

இக்கேள்விக்கு விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், பல பொருள் ஒரு சொல்லைப் பற்றி ஆசிரியர் ஆராய்கிறார். அத்தகைய சொல்லின் பொருள் எதனால் தெளிவாகும் என்பதற்கு அவர் காட்டும் கருவிகள் மூன்று: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லைக் கொண்டு இதனை விளக்குவர். மா பூத்தது என்றால் மரம் என்று வினை காட்டிவிடும். மாவும் மருதும் என்று சேர்த்துச் சொன்னால், உடன் நிற்கும் மருத மரமே மாவையும் மரமென்று காட்டிவிடும், அது இனம். கவசம் அணிந்து போருக்கு நிற்கும் வீரன் மா கொண்டுவா என்றால், குதிரையைத்தான் கேட்கிறான்; மாங்கன்றை அல்லன். இது சார்பு.

இலாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பின்னர் இலண்டனில் மொழியியலில் புகழ் பெற்ற ஜே.ஆர். ஃபர்த் என்னும் அறிஞரும் 1957இல் ஏறத்தாழ இதனையே கூறினார். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று உலகெங்கும் மொழியியல் மாணவர் அதனைப் படிக்கின்றனர். நம் இலக்கணம் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இனம் என்று பெயரிட்ட கருவி அது. இதைப் பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கைவசம் உள்ள கருவியைப் பயன்படுத்தாமல் இருக்கிறோமே என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கருவிகளைக் கிளாஸ் என்ற சொல்லின்மேல் வைத்துப் பார்ப்போம். முதலில் வினை. கிளாஸை 'ஃபில்' செய்தார் என்றால் நிரப்பினார், ஆகவே குடிகலம். கிளாஸஸை 'வேர்' செய்தார் என்றால் அணிந்தார். ஆகவே மூக்குக் கண்ணாடி. கிளாஸை 'ப்ளோ' செய்தார் என்றால் ஊதினார். ஆகவே உலைக்கூடத்தில் உருகிய மூலப்பொருள். அடுத்தது இனம். தட்டும் கூஜாவும் பக்கத்தில் இருந்தால் குடிகலம். மரமும் எஃகும் சிமெண்டும் பக்கத்தில் இருந்தால் கட்டடத்திற்கு வேண்டிய பொருள். மூன்றாவது சார்பு. ஒப்பனை மேசைமுன் நிற்பவள் கிளாஸைப் பார்த்தாள் என்றால் ஆடி. கப்பல் தலைவன் கிளாஸை எடுத்துக் கடலைப் பார்த்தான் என்றால் தொலைநோக்கி.

இவற்றோடு ஆங்கிலம் தன் சார்பில் நான்காவது குறிப்பு ஒன்றைத் தருகிறது. அதைத்தான் நாம் பெரிதும் கவனிப்பதில்லை. 'ஐ நீட் கிளாஸ்' என்று வெறுமனே சொன்னால், சன்னல் செய்பவர் கண்ணாடிப் பலகை கேட்கிறார். 'ஐ நீட் எ கிளாஸ்' என்றால், தாகமுள்ளவர் தம்ளர் கேட்கிறார். 'ஐ நீட் கிளாஸஸ்' என்றால், பெரும்பாலும் கண் மங்கியவர் மூக்குக் கண்ணாடி வேண்டும் என்கிறார். விருந்து நடத்துபவர் சொன்னால் மட்டும் பல தம்ளர்கள். ஐயம் வரக் கூடாதென்றால் 'எ பேர் ஆஃப் கிளாஸஸ்' என்பார்கள். நண்பர்களே, 'எ' என்னும் ஓரெழுத்து பொருளையே மாற்றிவிடுகிறது! தமிழில் இத்தகைய முன்னொட்டு இல்லாததால் அதை வெறும் அலங்காரமென்று நினைத்து விட்டுவிடுகிறோம். அஃது அலங்காரமன்று, அடையாளம்.

இன்னும் ஒரு பயன் உண்டு. ஒரு சொல்லின் பல பொருள்களுக்கிடையே உள்ள உறவைக் கண்டுகொண்டால், வேறு பத்துச் சொற்களும் தாமே வசப்படும். பொருளின் பெயர் அதனாற் செய்த கருவிக்கு ஆகி வந்தது கிளாஸ். அவ்வாறே 'அயர்ன்' என்பது இரும்பு. துணி தேய்க்கும் பெட்டியும் அதுவே. 'டின்' என்பது தகரம். தகர டப்பாவும் அதுவே.   'பேப்பர்' தாளாகவும், செய்தித்தாளாகவும், தேர்வு வினாத்தாளாகவும், ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வரும். நன்னூல் படித்தவர்களுக்கு இதன் பெயர் தெரியும், ஆகுபெயர்! வெற்றிலை நட்டான் என்று நாம் கொடியைச் சொல்வதில்லையா? ஆங்கிலமும் அதையே செய்கிறது. எஃகினால் செய்த தம்ளரையும் 'ஸ்டீல் கிளாஸ்' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே. பொருளை விட்டுப் பயனைப் பற்றிக்கொண்டு பெயர் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உறவே இல்லாத இரு சொற்கள் ஒரே உருவில் வருவதும் உண்டு. அங்கே உறவைத் தேடக் கூடாது. 'கேஷ்' என்பது கையிருப்புப் பணம்; பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கிருந்தது. அந்தக் கேஷ் நம் காசு. போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலம் சென்றது. நல்ல ஆங்கில அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிக்கின்றன. தமிழில் ஆடி மாதமும், ஆடிப் பாடுதலும், முகம் பார்க்கும் ஆடியும் போல என்று கொள்க. எழுத்தால் வரும் மயக்கமும் இத்தகையதே. ககர எழுத்து ஒன்றே இருப்பதால் வகுப்பும் கிளாஸ், தம்ளரும் கிளாஸ். 'பேராசிரியர் கிளாஸ் எடுத்தார்' என்று வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது கவனமாக இருங்கள்!

தமிழை நினைத்தால் ஆங்கிலம் வராது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே சிந்திக்க வேண்டும் என்று கூறுவோர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பேசாதே என்ற அளவில் அவர்கள் கூற்று சரியே. ஆனால் தமிழை ஒப்புநோக்கக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், கிளாஸின் வழியே மங்கலாகப் பார்ப்பதாக ஓரிடம் வருகிறது. இக்கால ஆங்கில வாசகர் பலர் அதை அழுக்குப் படிந்த சன்னல் என்று எண்ணிக்கொள்கின்றனர். மூல நூலில் இருப்பது முகம் பார்க்கும் ஆடி. தமிழில் அங்கே கண்ணாடி என்றே இருப்பதால், நம் பாட்டிமார் அந்த மயக்கத்திற்கு ஆளாவதில்லை. இன்னோர் இடத்தில் தமிழ் நம்மைத் தடுக்கி விடலாம். அதையும் ஒப்பிட்டால்தான் அறிய முடியும். வேலி எங்கே இருக்கிறது என்று தெரிய, இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டாமா?

கைப்பேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒற்றைச் சொல்லை அதனிடம் கொடுத்தால் அது பட்டியலைத் தரலாம். எதைத் தேர்வது என்பது உங்கள் பொறுப்பு. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் நன்றாகவே சொல்லும். ஏன்? வினையும் இனமும் சார்பும் அப்போதுதான் அதற்குக் கிடைக்கின்றன. பொறிக்குத் தேவைப்படுவது நமக்குத் தேவையில்லையா? மேலும், ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கேட்டு நிற்கும்போது கைப்பேசியை எடுத்துத் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

எனவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்தின் இறுதியில் பத்து நிமிடம் ஒரு சொல்லுக்கு ஒதுக்குவோம். ஒருவர் தம் பாடத்தில் கண்ட ஒரு பழகிய சொல்லைப் பழகாத பொருளில் கொண்டுவரட்டும். பொறியியல் மாணவருக்கு 'ஸ்ட்ரெஸ்', வணிகவியல் மாணவருக்கு 'இண்ட்ரஸ்ட்', கணித மாணவருக்கு 'ஃபீல்ட்', சட்ட மாணவருக்கு 'பார்' என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுவோம்: ஆங்கிலம், தமிழ், மராத்தி. பொருளை மட்டும் எழுதாமல், அச்சொல் வந்த வாக்கியத்தையும் முழுமையாக எழுதுவோம். மராத்தி நண்பர்களையும் அழைப்போம். அவர்களுக்கும் இதே இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்தை, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான அந்நூலை, சங்கத்தின் மேசையில் வைப்போம்.

மூத்த மாணவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. புதிதாக வந்த தம்பியோ தங்கையோ ஒரு சொல்லில் தடுமாறினால் சிரிக்காதீர்கள். சிரிப்பவர் ஒரு நொடி மகிழ்கிறார். தடுமாறியவர் ஒரு பருவத்தை இழக்கிறார். இந்தக் கணக்கு எவருக்கும் ஆதாயமன்று. அருகே சென்று, வினை என்ன, இனம் என்ன, சார்பு என்ன என்று காட்டிக் கொடுங்கள். அவர் அடுத்த சொல்லைத் தாமே கண்டுகொள்வார்.

பைசா பைசாவாகச் சேர்த்து ஒரு தொழிற்சாலை கண்ட மண் இது. வாரம் ஒரு சொல்லாக நாம் சேர்த்தால் ஓர் ஆண்டில் ஐம்பது சொற்கள். அவற்றோடு, ஐயத்தை வாய்திறந்து கேட்கும் துணிவு. ஐம்பது சொற்களைவிட அந்தத் துணிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். வரும் கூட்டத்திற்கு ஆளுக்கு ஒரு சொல்லோடு வாருங்கள்!